ரயில் மாறும் இடைவெளியில் பொலோன்யா: ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குப் போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலான். இந்த நான்கு ஊர்களின் ரயில் பாதைகளும் வந்து சேரும் இடம் பொலோன்யா. அதிவேக ரயிலில் ஃபுளோரன்ஸிலிருந்து சுமார் 40 நிமிடம், மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், வெனிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம், ரோமிலிருந்து இரண்டே கால் மணி நேரம். ஃபுளோரன்ஸிலிருந்து வெனிஸுக்குப் போகும் ரயில் எப்படியும் இந்த ஊர் வழியாகத்தான் போகும். ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது நிலத்தடியில் இருக்கும் ஒரு பிளாட்பாரத்தை மட்டும்தான்.

இறங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. குறுகிய நேரத்தில் பார்ப்பதற்கு இதைவிடத் தோதான ஊர் இத்தாலியில் இல்லை என்று நினைக்கிறேன். நிலையத்திலிருந்து ஊரின் நடுச் சதுக்கத்துக்கு இருபது நிமிட நடை, அதுவும் பெரும்பகுதி கூரைக்கு அடியில். பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் எல்லாம் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும் தூரத்தில். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் கிடையாது. ஐந்து மணி நேரத்தில் ஊர் முழுவதையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

டிக்கெட் எடுக்கும்போதே செய்ய வேண்டியது

ஃப்ரெச்சியரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களின் டிக்கெட் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கும் அந்தக் குறிப்பிட்ட இருக்கைக்கும் மட்டுமே செல்லும். நடுவில் இறங்கி, ஊர் சுற்றிவிட்டு, அதே டிக்கெட்டில் அடுத்த ரயிலில் ஏற முடியாது. அதனால் ஃபுளோரன்ஸ் - வெனிஸ் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்காமல், ஃபுளோரன்ஸ் - பொலோன்யா ஒன்று, பொலோன்யா - வெனிஸ் ஒன்று என்று இரண்டாக எடுங்கள். முன்கூட்டியே வாங்கினால் விலையில் பெரிய வித்தியாசம் வராது. ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் இத்தாலிய வழக்கில்தான் இருக்கும்: ஃபிரென்சே, வெனெத்சியா, மிலானோ. முதல்முறை போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த நேரத்துக்கு இறங்குவது? காலை 10 மணிக்குள் வந்து, பிற்பகல் 3 மணிக்கு அல்லது மூன்றரைக்குக் கிளம்புவது சரியாக இருக்கும். இங்கே பல தேவாலயங்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடிவிட்டு, பிற்பகல் இரண்டரை, மூன்றுக்குத்தான் மறுபடி திறக்கும். உணவகங்களின் சமையலறையும் இரண்டரை மணியோடு ஓய்ந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு வந்து இறங்கினால், பாதிக் கதவுகள் மூடியிருக்கும் ஊரைத்தான் பார்ப்பீர்கள். திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் உள்ளூர்க்காரர்கள் கடைகளை அடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். சனி, ஞாயிறு என்றால் ஒரு லாபம் உண்டு: நடுவூரின் முக்கிய வீதிகளில் வண்டிகளுக்குத் தடை, நடுத்தெருவிலேயே நடக்கலாம்.

இன்னொன்று, ரயில் வேலைநிறுத்தம். இத்தாலியில் இது அபூர்வம் அல்ல. ஆனால் முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசியமான உள்ளூர் ரயில்கள் ஓடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விமானம் மாறுகிறவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தும். பொலோன்யாவின் மார்கோனி விமான நிலையத்திலிருந்து மோனோரயில் ஏழு நிமிடத்தில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா கட்டாயம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு, வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே தனி டிரான்சிட் விசா தேவைப்படும். ஏற்கெனவே ஷெங்கன் விசாவில் ஐரோப்பாவுக்குள் ரயிலில் சுற்றுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

முதலில் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்

ஐந்து மணி நேரம் என்பது ஐந்து மணி நேரம் அல்ல. அதிவேக ரயில்கள் பெரும்பாலும் 16 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்களில் நிற்கும். அவை தரைக்குக் கீழே ஆழத்தில் இருக்கின்றன. எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி, நீளமாக நடந்து வெளியே வரவே பத்து நிமிடம் ஆகும். பெட்டியைப் பாதுகாப்பறையில் வைக்கக் கால் மணி நேரம். திரும்பி வரும்போதும் இதே கணக்கு. ரயிலுக்கு நாற்பது நிமிடம் முன்னதாக நிலையத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர நடைக்கு நாற்பது நிமிடம். ஆக, ஊருக்குள் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குத் தகுந்த திட்டம்தான் கீழே வருகிறது.

பெட்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். நடுச் சதுக்கத்தில் இருக்கும் பெரிய தேவாலயத்தில் பாதுகாப்புக் காரணமாகப் பெரிய பைகளை உள்ளே விடுவதில்லை. நிலையத்துக்குள்ளேயே பொருள் வைப்பறை இருக்கிறது. பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும், அதனால் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கையில் வையுங்கள். ஒரு சிறிய தோள்பை, தண்ணீர் பாட்டில், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை இருந்தால் போதும். குடை தேவைப்படாது என்றே சொல்லலாம், ஏன் என்று சீக்கிரமே தெரியும்.

நிலையத்தை விட்டு வெளியேறும் முன்

வெளியே போகும் அவசரத்தில் பலரும் தவறவிடும் இடம் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்களால் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பறை நிரம்பி வழிந்த காலை. 10:25-க்கு அங்கே ஒரு சூட்கேஸில் வைத்திருந்த வெடிகுண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். நவ-பாசிசக் குழுவினர் இதற்காகத் தண்டனை பெற்றார்கள். காயமடைந்தவர்களை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் போதாமல், 37-ஆம் எண் நகரப் பேருந்தின் ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி, அதில் உடல்களை ஏற்றிச் சென்றார்கள்.

முதலாம் பிளாட்பாரத்தை ஒட்டி இருக்கும் அந்த அறை இன்றும் காத்திருப்பறைதான். சுவரில் குண்டு கிழித்த பிளவை அப்படியே விட்டு, கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அருகில் கல்லில் இறந்தவர்களின் பெயரும் வயதும். வெளிச்சுவரில் இருக்கும் கடிகாரம் எப்போதும் 10:25 காட்டும், அதைப் பார்த்து ரயிலுக்குத் தாமதமாகிவிட்டது என்று பதற வேண்டாம். ஐந்து நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போனால், இந்த ஊரை வெறும் சாப்பாட்டு ஊராகப் பார்க்க மாட்டீர்கள்.

கூரைக்கு அடியில் ஒரு கிலோமீட்டர்

நிலையத்திலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்து வலப்பக்கம் திரும்பினால், இந்திபெந்தென்சா வீதி. சதுக்கம் வரை நேராக ஒரே வீதிதான், வழி கேட்கவே தேவையில்லை. இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் தூண்களும் வளைவுகளுமாக நடைபாதை மூடப்பட்டிருக்கும். மழையோ வெயிலோ உங்கள் மேல் விழாது.

இந்த வளைவு நடைபாதைகள்தான் பொலோன்யாவின் அடையாளம். ஊர் முழுவதும் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொடக்கம் மிகச் சாதாரணமானது. பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவிந்தார்கள், ஊரில் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் நிர்வாகம் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்தது. பொலோன்யாவில் நேர்மாறாக நடந்தது: 1288-இல் ஊர்ச் சட்டமே வீட்டுக்கு முன்னால் இப்படி நடைபாதை விட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குதிரையில் வருகிறவர் தலை இடிக்காமல் போகும் உயரம் இருக்க வேண்டும் என்றும் விதி. இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், நடக்கும் உரிமை எல்லோருக்கும். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

வழியில் இடப்பக்கம் பியெல்லா வீதிக்கு ஒரு சின்னச் சுற்று போய் வரலாம். சுவரில் இருக்கும் சிறு ஜன்னல் கதவைத் திறந்தால் வீடுகளுக்கு நடுவே ஒரு கால்வாய் தெரியும். பட்டு ஆலைகளை ஓட்டிய நீர்வழிகளின் மிச்சம் அது. படம் எடுக்க வரிசை நின்றால் விட்டுவிடுங்கள், அதற்காகக் கால் மணி நேரம் கொடுக்கத் தேவையில்லை.

வீதியின் முடிவில் ரோமானியக் கடல் கடவுள் நெப்டியூனின் நீரூற்று. 1560-களில் ஜாம்பொலோன்யா வார்த்த வெண்கலச் சிலை. கையில் இருக்கும் சூலத்தைக் கவனியுங்கள். 1914-இல் இதே ஊரில் தொடங்கிய மசெராட்டி கார் நிறுவனத்தின் சின்னம் இந்தச் சூலத்திலிருந்து வந்ததுதான். எதிரே நூலகச் சுவரில் நூற்றுக்கணக்கான சிறிய புகைப்படங்கள் இருக்கும்: இரண்டாம் உலகப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட உள்ளூர்க்காரர்கள். அந்த சாலா போர்சா நூலகத்துக்குள் யாரும் போகலாம். தரையில் பதித்த கண்ணாடி வழியே கீழே பழைய ரோமானிய ஊரின் அடித்தளம் தெரியும். சுத்தமான கழிப்பறையும் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதை நம்பிப் போக வேண்டாம்.

பெரிய சதுக்கத்துக்குள் இப்போது நுழையாதீர்கள். தேவாலயங்கள் மதியம் மூடுவதற்குள் முதலில் கிழக்கே போய்வர வேண்டும்.

கோபுரங்கள், மரத்தூண் வீடு, சாந்தோ ஸ்தெஃபனோ

நெப்டியூனிலிருந்து ரிட்சோலி வீதியில் ஐந்து நிமிடம் நடந்தால் இரட்டைக் கோபுரங்கள். உயரமானது அசினெல்லி, 97 மீட்டர். குட்டையானது கரிசெந்தா, 48 மீட்டர். இரண்டும் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. பணக்காரக் குடும்பங்கள் செல்வாக்கைக் காட்டப் போட்டி போட்டுக் கோபுரம் கட்டிய காலம் அது. கரிசெந்தா அடித்தளம் அமிழ்ந்து சுமார் 4 டிகிரி சாய்ந்து நிற்கிறது, பைசா கோபுரத்துக்குக் குறையாத சாய்வு. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே மேல்பகுதியை வெட்டிக் குறைத்தார்கள். 2023 அக்டோபரில் அதன் அசைவுகள் கவலை தந்ததால் சுற்றிலும் வேலி போட்டு, அசினெல்லியில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள். 498 படி ஏறி ஊரைப் பார்க்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். உயரத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், பெரிய சதுக்கத்தில் நகராட்சி மாளிகையின் மணிக்கூண்டுக்கு நேரம் குறித்த டிக்கெட் வாங்கலாம். நான் அந்த அரை மணி நேரத்தைக் கீழேயே செலவழிப்பேன்.

வேலியைச் சுற்றிக்கொண்டு மஜ்ஜோரே வீதிக்குள் போங்கள். 19-ஆம் எண், இசொலானி வீடு. 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஓக் மரத்தூண்கள் சுமார் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து மேல்மாடியைத் தாங்கி நிற்கின்றன. 1288 சட்டத்தின் காலத்தில் ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு வீடு காட்டிவிடும். அதன் அருகிலேயே இசொலானி முற்றம் என்ற நடைவழி திறந்திருக்கும். அதற்குள் நுழைந்து கடைகளையும் சிறு முற்றங்களையும் தாண்டி மறுபுறம் வந்தால், சாந்தோ ஸ்தெஃபனோ சதுக்கம்.

ஊரிலேயே அழகான இடம் இதுதான் என்பேன். கூழாங்கல் பதித்த தரை, முக்கோணமாக விரிந்து, எதிரே தாழ்வான செங்கல் தேவாலயங்களில் போய் முடிகிறது. ஏழு தேவாலயங்கள் என்று ஊரில் சொல்வார்கள், இன்று நிற்பவை நான்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கதவு வழியே போய்க்கொண்டே இருக்கலாம். வட்டமான தேவாலயம் ஜெருசலேமில் உள்ள இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. அதைத் தாண்டி வரும் திறந்த முற்றத்தில் நின்று, வட்டத் தேவாலயத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். சிவப்புச் செங்கல்லுக்கு நடுவே வெள்ளை, கறுப்புக் கற்களை வெட்டிப் பதித்து நட்சத்திரமும் சாய்சதுரமுமாக வரி வரியாகக் கோலம் அமைத்திருக்கிறார்கள். ஒரு வரி போல இன்னொரு வரி இருக்காது. முற்றத்தின் நடுவில் இருக்கும் கல் தொட்டி 8-ஆம் நூற்றாண்டு லொம்பார்டு அரசர்கள் கொடுத்தது, விளிம்பைச் சுற்றி எழுத்துகள் ஓடும். கட்டணம் இல்லை. இருபத்தைந்து நிமிடம் இங்கே இருங்கள். இங்கே மதியம் பன்னிரண்டரை வாக்கில் கதவு சாத்திவிடுவார்கள் என்பதால்தான் முதலில் வரச் சொன்னேன்.

ஆர்கிஜின்னாசியோ

அங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் கல்வானி சதுக்கம். செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததை ஆராய்ந்த அதே லுயிஜி கல்வானி, இந்த ஊர்க்காரர். சிலையில் அவர் கையில் இருக்கும் பலகையில் தவளையைப் பார்க்கலாம்.

எதிரே ஆர்கிஜின்னாசியோ. பொலோன்யா பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1088 என்று கணக்கு வைக்கிறார்கள், ஐரோப்பாவிலேயே பழமையானது. ஆனால் பல நூற்றாண்டுகள் அதற்கென்று கட்டடம் இல்லை, ஆசிரியர் வீட்டிலும் வாடகை இடத்திலும் வகுப்பு நடந்தது. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர 1563-இல் திறந்த கட்டடம் இது. சுவர், கூரை, மாடிப்படி எங்கும் மாணவர்களின் குடும்பச் சின்னங்கள் வண்ணத்தில் தீட்டியிருக்கும், ஆறாயிரம் வரை தேறும். முற்றத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

சிறு கட்டணம் கொடுத்து மாடியில் உடற்கூறியல் அரங்கைப் பாருங்கள். 1637-இல் கட்டத் தொடங்கிய மர அறை. நடுவில் வெண்பளிங்கு மேசை. அதன்மேல்தான் பிணத்தைக் கிடத்தி அறுத்துப் பாடம் நடத்தினார்கள். சுற்றிலும் படிப்படியாக மர இருக்கைகள். பேராசிரியரின் உயர்ந்த இருக்கைக்கு மேலே இருக்கும் விதானத்தைத் தாங்குவது, தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள். 1734-இல் எர்கொலே லெல்லி செதுக்கியவை. ஒவ்வொரு தசையும் நரம்பும் மரத்தில் தனித்தனியாகத் தெரியும். இன்னொரு செய்தி: 1944 ஜனவரி 29 குண்டுவீச்சில் இந்த அறை நொறுங்கிப்போனது. இடிபாடுகளிலிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்து, பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டினார்கள். லெல்லியின் உருவங்கள் அப்படி மீண்டவைதான்.

சான் பெத்ரோனியோவின் சூரியக் கோடு

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

பெரிய சதுக்கத்தின் தெற்குப் பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கும் தேவாலயம். 1390-இல் தொடங்கினார்கள், முகப்பு இன்றுவரை முடியவில்லை. கீழ்ப்பாதிக்கு மட்டும் பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். நடுவாசலைச் சுற்றி யாக்கொப்போ தெல்லா குவெர்ச்சா செதுக்கிய சிறு சிறு காட்சிகளைப் பாருங்கள். ஆதாமைக் கடவுள் படைக்கும் காட்சி அதில் உண்டு. இளைஞராக இந்த ஊரில் இருந்த மைக்கலாஞ்சலோ பார்த்த சிற்பங்கள் இவை. 1530-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராக முடிசூடியதும் இந்தத் தேவாலயத்தில்தான்.

உள்ளே போனதும் இடப்பக்கப் பகுதிக்குப் போங்கள். தரையில் பளிங்குக்கு நடுவே ஒரு உலோகக் கோடு, தூண்களுக்கு இடையில் சாய்வாக ஓடும். நீளம் சுமார் 67 மீட்டர். 1655-இல் வானியலாளர் ஜொவான்னி தொமெனிக்கோ காசினி அமைத்தது. சனிக் கோளை ஆராய்ந்த காசினி விண்கலத்துக்கு இவருடைய பெயரைத்தான் வைத்தார்கள். மேலே விதானத்தில், 27 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளை. உச்சிப்பொழுதில் அதன் வழியே இறங்கும் ஒளி இந்தக் கோட்டின் மேல் ஒரு வட்டமாக விழும். கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் வட்டம் துளைக்கு அருகில் விழும், அகலம் ஒரு சாணுக்குச் சற்று மேல். டிசம்பரில் கோட்டின் மறுகோடிக்குப் போய், ஓர் ஆள் நீளத்துக்கு நீண்ட முட்டை வடிவமாகிவிடும். ஓரத்தில் மாதங்களுக்குரிய ராசிச் சின்னங்கள் செதுக்கியிருக்கும்.

ஈஸ்டர் தேதியைச் சரியாகக் கணக்கிட, இரவும் பகலும் சமமாகும் நாள் திருச்சபைக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் தேவாலயத்துக்குள் இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது. காசினிக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வேகமாகவும் மறு பகுதியில் மெதுவாகவும் நகர்வதுபோல் தெரிகிறது. இது தூரம் மாறுவதால் மட்டும் தோன்றுவதா, அல்லது வேகமே உண்மையில் மாறுகிறதா? வேகமே மாறுகிறது என்று அதற்கு முன்பே சொன்னவர் வானியலாளர் கெப்ளர். காசினி இந்த ஒளிவட்டத்தின் அளவை ஆண்டு முழுவதும் அளந்து பார்த்தார். தூரம் மட்டுமே காரணம் என்றால் வட்டத்தின் அளவு எவ்வளவு மாற வேண்டுமோ, அதில் பாதியளவுதான் மாறியது. மீதிப் பாதி உண்மையான வேக மாற்றம். கெப்ளர் சொன்னது சரி என்பதற்குச் சான்று ஒரு தேவாலயத் தரையில் கிடைத்தது. கலிலியோ மீது திருச்சபை தீர்ப்புக் கொடுத்து இருபத்திச் சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

நேரக் கணக்கு இதோ. குளிர்கால நேரம் இருக்கும் மாதங்களில், உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12-க்கும் 12:30-க்கும் இடையில் வரும். மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை ஒரு மணியிலிருந்து 1:20 வரை. வெயில் இருக்கும் நாளாக இருந்தால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் கோட்டருகே நில்லுங்கள். ஒளி மெதுவாகத் தரையில் ஊர்ந்து வரும். விளிம்பு கோட்டைத் தொட்டதிலிருந்து முழு வட்டமும் தாண்டி முடிக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பூமி சுற்றுவதை இவ்வளவு கிட்டத்தில் நின்று வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தேவாலயம் மதியம் மூடும் நேரம் அவ்வப்போது மாறுவதால், அன்று காலையே இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் முதலில் இது, பிறகு சாப்பாடு. கோடையில் முதலில் சாப்பாடு, பிறகு இது.

சாப்பாடு

சதுக்கத்துக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் குறுகலான சந்துகள்தான் பழைய சந்தை, குவாத்ரிலாத்தெரோ. மீன், பழம், பாலாடைக்கட்டி, கையால் மடித்த பாஸ்தா எல்லாம் கடை வாசலிலேயே பரப்பியிருக்கும்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு பெயர் போதும். ஒன்று, ராகு என்ற இறைச்சிக் குழம்போடு தாலியத்தெல்லே. உலகமெங்கும் பொலொனீஸ் என்று ஸ்பகெட்டியின் மேல் ஊற்றித் தருகிறார்களே, அதன் அசல் இதுதான், ஆனால் இங்கே ஸ்பகெட்டியோடு தர மாட்டார்கள். தட்டையான முட்டைப் பாஸ்தாவோடுதான். வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் ஊர் வணிகச் சங்கத்தில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். இன்னொன்று, சூப்பில் மிதக்கும் தொர்தெல்லீனி. விரல்நுனி அளவில் மடித்த பாஸ்தா, உள்ளே பன்றி இறைச்சி. ராகுவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இருக்கும், மொர்ததெல்லா என்ற இந்த ஊர்ப் பதப்படுத்திய இறைச்சி முழுக்கப் பன்றி. இவற்றைத் தவிர்க்கிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சைவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சூப் எப்போதும் இறைச்சிச் சாறுதான். பொரித்த கிரெஷெந்தீனா ரொட்டியிலும் பியதீனா என்ற தட்டை ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். தைரியமாகக் கேட்கக்கூடியது தொர்தெல்லோனி: பெயர் ஒத்திருந்தாலும் இது பெரியது, உள்ளே ரிக்கொத்தா பாலாடை, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். "சென்சா கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அப்புறம், பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி உண்டு. அதையும் தவிர்ப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதெல்லாம் பெருந்தொல்லை என்று தோன்றினால், பழமும் ரொட்டியும் ஒரு ஜெலாட்டோவும் நல்ல மதிய உணவுதான்.

உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்குச் சில யூரோ இருக்கைக் கட்டணம் பில்லில் சேரும், அது ஏமாற்று அல்ல. பன்னிரண்டரைக்கே போய்விட்டால் இடம் கிடைக்கும், ஒரு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். காபியை நின்றபடி கவுன்டரிலேயே குடியுங்கள், பாதி விலை, இரண்டு நிமிட வேலை.

நேரம் கூடினால், குறைந்தால்

மூன்று மணி நேரம் மட்டும் என்றால்: காத்திருப்பறை, இந்திபெந்தென்சா வீதி, சான் பெத்ரோனியோ, ஆர்கிஜின்னாசியோ முற்றம், கையில் ஒரு சாண்ட்விச். அதற்கும் குறைவு என்றால் இறங்க வேண்டாம், ஓட்டமாகத்தான் இருக்கும்.

ஆறு மணி நேரம் இருந்தால் சான் தொமெனிக்கோ தேவாலயத்தைச் சேருங்கள். புனித தொமினிக்கின் கல்லறையில் மூன்று சிறு சிலைகள் மைக்கலாஞ்சலோ செய்தவை, அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். கீழே மண்டியிட்டு விளக்குத்தண்டு ஏந்தும் இரண்டு தேவதூதர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் இருக்கும் மெலிந்தது நிக்கொலோ தெல்லார்கா செதுக்கியது. வலப்பக்கத்தில் மல்யுத்தக்காரப் பையன்போல் தோள் திரண்டிருப்பது மைக்கலாஞ்சலோவுடையது. அதே நிக்கொலோவின் இன்னொரு படைப்பு சந்தைக்கு நடுவே சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயத்தில் இருக்கிறது: இறந்த இயேசுவைச் சுற்றி அலறும் சுடுமண் உருவங்கள், ஆள் உயரத்தில். மகதலேனா மரியாளின் முக்காடு காற்றில் பின்னால் பறக்க, வாய் முழுவதும் திறந்திருக்கும். 15-ஆம் நூற்றாண்டில் துக்கத்தை இப்படி நேருக்கு நேர் காட்டியவர்கள் குறைவு. கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.

எட்டு மணி நேரம் என்றால் சான் லூக்கா குன்று. ஊர் எல்லையிலிருந்து உச்சித் தேவாலயம் வரை 666 வளைவுகளோடு கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் கூரையிட்ட பாதை. ஏற்றம் கடினம், கோடை நண்பகலில் வேண்டாம். சதுக்கத்திலிருந்து சுற்றுலாச் சிறுரயில் மேலே போகிறது.

திரும்பும்போது

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சதுக்கத்திலிருந்து கிளம்புங்கள். வழியில் சந்தையில் வாங்கிய பழமோ ரொட்டியோ கையில் இருந்தால், ரயிலில் விலை கூடிய சிற்றுண்டி வாங்க வேண்டியிராது.

நிலையத்தில் ஒரு சிக்கல் உண்டு. பலகையில் பிளாட்பார எண்ணுக்குப் பக்கத்தில் "ஓவெஸ்த்" அல்லது "எஸ்த்" என்று இருந்தால் அது வேறு பிளாட்பாரம். முதலாவது மேற்கு, இரண்டாவது கிழக்கு. வெறும் 3-உம் மேற்கு 3-உம் ஒன்றல்ல, இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். 16 முதல் 19 வரை என்றால் நேரே கீழே இறங்கிவிடுங்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வைத்திருந்தால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். போனில் வாங்கியிருந்தால் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும்.

ரயிலைத் தவறவிட்டால்? தள்ளுபடி விலை டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. முழு விலை டிக்கெட் என்றால் உடனே கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள், குறுகிய நேரத்துக்குள் அடுத்த ரயிலுக்கு மாற்றித் தரும் வழி உண்டு. எதுவும் சரிப்படவில்லை என்றால் உள்ளூர் ரயில்கள் இருக்கின்றன: ஃபுளோரன்ஸுக்குப் பிராத்தோ வழியாக மாறிப் போகலாம், வெனிஸுக்கு நேரடியாகவே உண்டு. நேரம் கூடும், ஆனால் கடைசி நிமிடத்திலும் விலை ஏறாது, இருக்கை முன்பதிவும் வேண்டாம்.